சாம்பல் கலந்த சில்வர்

கார் வாங்கும்போதுகூட சதாசிவம் இவ்வளவு யோசிக்கவில்லை. ஊரப்பாக்கத்தில் ஒருவர் பழைய ஜென் கார் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டான், போனான், "நீலம்தானே? சரி" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது அதன் நான்கு சக்கரங்களுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இத்தனை பாடு படமாட்டான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அலாய் வீல் போட்ட கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பழைய சொந்தக்காரர் ஆசைப்பட்டுப் போட்டிருந்த வீல்கள், கடற்கரைக்கு வந்த சில மாதங்களிலேயே உப்புக் காற்றில் சொறி பிடித்தாற்போல் ஆகிவிட்டன. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பெயிண்ட் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம், சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றான். விரல் நீளத்தில் ஆறேழு தகரத் தகடுகளையும் கொடுத்தனுப்பினான். தகட்டுக்கு ஒரு நிறம். மேல் பாதி பளபளவென்று இருக்கும், கீழ்ப் பாதி மங்கலாக இருக்கும். வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றான்.

பளபளப்பை முடிவு செய்ய சதாசிவத்துக்கு ஒரு காபி குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், கட்டை விரலால் தேய்த்தான்.

"முழுப் பளபளப்பு வேணாம் லோகா. துடைச்ச கீறலெல்லாம் காட்டிக்கொடுக்கும். ஒரேயடியா மங்கலாவும் வேணாம், உப்பு அப்பிக்கும். ரெண்டுக்கும் நடுவுல சொல்லிடலாம்."

அந்த விஷயத்தில் அவன் கண் கெட்டி. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவான். மனைவி லோகநாயகி அவனைச் சமையலறைப் பக்கம் விடாததற்கு அதுவே காரணம்.

ஆனால் நிறம் என்று வந்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது. "எந்தக் கலர்ங்க?" என்று கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்." அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்குமே, அதை ஒரு வார்த்தை கேட்போமே என்று தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு. கேட்டிருந்தால் சொல்ல அவள் தயாராக இருந்தாள். துணி மடிக்கும்போது யோசித்தாள், வெங்காயம் நறுக்கும்போது யோசித்தாள். கேட்கத்தான் ஆளில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே பார்த்தாள். ஆபீஸ் பஸ் வந்து போயிருந்தது. வேப்பமரத்தடியில் நீல ஜென், அதன் பக்கத்தில் சதாசிவம், அவனெதிரே வசுமதி.

வசுமதி மேல் மாடி வீட்டுக்காரி. சதாசிவத்தின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலேயே வேலை. நெடுநெடுவென்று இருப்பாள். கசங்காத காட்டன் புடவை, அதற்குப் பொருத்தமாக மெல்லிய கரை. அந்த பிளாக்கில் யார் வீட்டில் திரைச்சீலை மாற்றினாலும் அவளைக் கேட்டுத்தான் மாற்றுவார்கள். லோகநாயகி மட்டும் கேட்டதில்லை.

சதாசிவம் தகடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து நீட்டினான். வசுமதி ஒவ்வொன்றாக எடுத்துக் காரின் கதவில் வைத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள், இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்து, தன் டிபன் பாக்ஸில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி அந்தத் தகட்டில் சுற்றிக் கொடுத்தாள். சதாசிவம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று லோகநாயகி நினைத்தாள். கையிலிருந்த துணிக்கொடி கிளிப் உடைந்தது.

அவன் மேலே வந்ததும் ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டாள்.

"கலரு முடிவாச்சா?"

"ஆச்சு. சாம்பல் கலந்த சில்வர்."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானேதான்."

அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு விட்டிருப்பாள். பொய் சொன்னான் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டது. நிறம் சொன்னதை எதற்கு மறைக்க வேண்டும்? இதை மறைப்பவன் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பான்? இரண்டு இரவும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் அவன் நிம்மதியாகக் குறட்டை விட்டது எரிகிற தீயில் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

சனிக்கிழமை காலை அவன் குளிக்கப் போனதும் லோகநாயகி தகடுகளை எடுத்தாள். ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது சாம்பல் சில்வரில்தான். நன்றாகவே இருந்தது அந்த நிறம், அது வேறு எரிச்சல். ரப்பர் பேண்டைக் கழற்றி, இருப்பதிலேயே கண்றாவியான தகட்டில் மாட்டினாள். கடல்பச்சை. பார்த்ததும் அவன் திடுக்கிடுவான், "இது எப்படி இதுல வந்தது?" என்பான், "எதுல இருந்தது? யாரு மாட்டுனா?" என்று பிடித்துக்கொள்ளலாம். அவன் வாயாலேயே அந்தப் பெயரை வரவழைக்க வேண்டும்.

போகும்போது கட்டிக்கொள்ள, போன தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவையைத் தேர்ந்தாள். ஆபிரகாம் பட்டறைக்கு அரக்குப் பட்டு எதற்கு? மேல் மாடி ஜன்னலுக்குத் தெரியட்டும் என்று கட்டினாள்.

சதாசிவம் தகட்டை எடுத்தான். பார்த்தான். திருப்பியும் பார்த்தான். பையில் போட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான். திடுக்கிடவும் இல்லை, ஒன்றும் இல்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை லோகநாயகி காத்திருந்தாள். "அந்தத் தகட்டை ஒரு தடவை காட்டுங்க" என்றாள். எடுத்துக் காட்டினான். "நல்ல கலர் இல்ல?" என்று வேறு கேட்டான். அவளுக்குக் குழம்பிப்போயிற்று. தன்னைக் கண்டுபிடித்துவிட்டுக் கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்கிற முகமாக இல்லை.

பட்டறையில் சதாசிவம் தகட்டை நீட்டினான்.

"இந்தச் சாம்பல் சில்வர் அடிச்சுடு ஆபிரகாம். மேலேயும் இல்லாம கீழேயும் இல்லாம, நடு பளபளப்புல."

ஆபிரகாம் தகட்டைப் பார்த்தான், சதாசிவத்தைப் பார்த்தான்.

"இன்னா சார், காலங்காத்தால காமெடி பண்றே? இது பச்சை சார். ஷேர் ஆட்டோக்காரன் ஒர்த்தன் கேட்டான்னு கலக்குனது. சாம்பல் இதோ கீது பாரு, வேற தகடு."

சதாசிவத்தின் நீட்டிய கை அப்படியே நின்றது. காது மடல் சிவந்தது. பச்சைத் தகட்டையும் சாம்பல் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். தெரியாத ஊரில் பஸ் போர்டு படிக்க முடியாமல் நிற்கிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். லோகநாயகிக்கு அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கிப்போயிற்று.

"அவரு பேரை மாத்திச் சொல்லிட்டாரு. கொஞ்சம் இருங்க, டீ சாப்பிட்டு வந்து சொல்றோம்" என்று அவன் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

கொளவாய் ஏரிப் பக்கம் காரை நிறுத்தினார்கள். எதிரே ஒரு மின்சார ரயில் போய் முடிந்தது.

"எனக்குக் கலரு சரியாத் தெரியாது லோகா. பொறந்ததுலேர்ந்து. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். பச்சை, சிவப்பு, சாம்பல், பழுப்பு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்கும். சிக்னல்ல மேல எரியுதா கீழ எரியுதான்னு பார்த்துத்தான் ஓட்டறேன்."

"பன்னெண்டு வருஷமாச்சு. ஏன் சொல்லல?"

"கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா எவனும் பொண்ணு குடுக்கமாட்டான்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. அப்புறம் சொல்லலாம்னு நெனைச்சேன். நாளாக நாளாக, இத்தினி நாள் ஏன் சொல்லலன்னு கேப்பியேன்னு பயம்."

லோகநாயகிக்கு மனம் இளகத்தான் செய்தது. பாவம் என்று அவன் தோளில் கைவைக்கப் போனாள். போன கை பாதியில் நின்றது.

"மேல் மாடி அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் ஏரியைப் பார்த்தான்.

"தெரியும். ஒரு நாள் சிவப்பு மைன்னு நெனைச்சுப் பச்சை மையில கையெழுத்துப் போட்டுட்டேன். பச்சை மை பெரிய ஆபீசருங்க போடறது. நான் போட்டா என்ன ஆகும்? அவங்கதான் பார்த்து, அந்தத் தாளை எடுத்துட்டு வேற எழுதிக் குடுத்தாங்க. அதுலேர்ந்து கலர் விஷயம்னா அவங்களைக் கேட்டுக்குவேன்."

"எத்தினி வருஷமா?"

"ஆறு இருக்கும்."

ஆறு. லோகநாயகி மனத்துக்குள் பீரோவைத் திறந்தாள். கல்யாணமான புதிதில் இவன் எடுத்து வந்த தீபாவளிப் புடவைகளை வெளியே கட்டிக்கொண்டு போக முடியாது. சாணி நிறத்தில் ஒன்று, துருப்பிடித்த தகரம் போல ஒன்று. பிறகு திடீரென்று ஒரு வருஷம் மனுஷனுக்கு ரசனை வந்துவிட்டது. மாந்தளிர், மயில் கழுத்து, வாடாமல்லி என்று ஒன்றை ஒன்று மிஞ்சும். நாத்தனார்களிடமும் சொந்தத் தங்கையிடமும் எத்தனை தடவை பீற்றிக்கொண்டாள், "எங்க வூட்டுக்காரருக்கு இருக்கிற கண்ணு எந்தக் கடைக்காரனுக்கும் கிடையாது" என்று. அது எப்போதிலிருந்து? ஆறு வருஷமாகத்தான்.

"புடவை?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் அதுதான்.

உடம்பில் கட்டியிருந்த அரக்குப் புடவை அப்போதே சுட்டது. இதைக் கட்டிக்கொண்டு மேல் மாடி ஜன்னலுக்குக் கீழே நிமிர்ந்து நடந்தாளே! வசுமதி தேர்ந்தெடுத்ததை அவளுக்கே காட்டிவிட்டு வந்தாளே! ஒவ்வொரு தீபாவளிக்கும் வசுமதி படியில் நின்று, "புடவை ரொம்ப நல்லா இருக்கு லோகா" என்று சொல்வாள். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டிருக்கிறாள். கள்ளக் காதல் என்றாலும் திட்டித் தீர்க்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். இதற்கு யாரிடம் போவது? புருஷனின் ஒரு ரகசியம், பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டியது, வேறொருத்தியின் கைப்பைக்குள் ஆறு வருஷம் பத்திரமாக இருந்திருக்கிறது. அதிலும் நல்ல புடவைகள். அதுதான் கொடுமை.

"அழறியா லோகா?"

"அழல. எரியுது. வண்டிய பட்டறைக்கு விடுங்க."

ஆபிரகாம் சாம்பல் சில்வர் டப்பாவை எடுத்துத் தயாராக வைத்திருந்தான். லோகநாயகி நேரே போய்ப் பச்சைத் தகட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"சார் கேட்டது இதுதான். பச்சையே அடிங்க."

"எம்மா, நீல வண்டிக்கு இந்தப் பச்சையா? ரோட்ல போறவன்லாம் நின்னு பாப்பான்மா."

"பாக்கட்டும்."

"சார், நீ இன்னா சொல்றே?"

சதாசிவம் மனைவியைப் பார்த்தான். "அவ சொல்றதுதான்" என்றான். ஆபிரகாம் முன்னால் அவன் மானம் தப்பியது. அதற்காகத்தான் அவள் பச்சையைச் சொன்னாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். கால் பங்கு அதுவும் உண்மைதான். மீதி முக்கால் பங்கை லோகநாயகி அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வீல்கள் தயாராகின. பளபளப்பு அவன் கேட்டபடி அச்சாக வந்திருந்தது. நிறம் சகிக்கவில்லை. வரும் வழியெல்லாம் அவள் வாய் மூடவில்லை. இது செம்மண், இது பழுப்பு, அந்த லாரி சிவப்பு, அந்த வயல் பச்சை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவனும் சலிக்காமல் கேட்டுக்கொண்டு வந்தான்.

மறுநாள் ஞாயிறு. மாமல்லபுரம் போகலாம் என்று இருவரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். பால் வாங்கிக்கொண்டு வந்த வசுமதி சக்கரத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு வேகமாகச் சுற்றி வந்து, லோகநாயகிக்குக் கேட்கக்கூடாது என்று சதாசிவத்தின் ஜன்னலோரம் குனிந்தாள்.

"சார், பெயிண்ட்காரன் உங்களை ஏமாத்திட்டான். இது நான் சொன்ன சில்வரே இல்ல. பச்சை."

"தெரியும் மேடம்" என்றான் சதாசிவம். "லோகா சொல்லிட்டா. இனிமே அவளே சொல்லுவா."

"ஓ" என்றாள் வசுமதி.

நிமிர்வதற்குள் அவள் முகத்தில் ஒன்று வந்துபோனது. ஒரு நொடிதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். பத்து நாளாகக் கண்ணாடியில் அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த லோகநாயகி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வெறும் உபகாரம் செய்தவளுக்கு அப்படி முகம் வாடாது. அப்படியானால் இவ்வளவு நாள் எரிந்தது வீணாக எரியவில்லை.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே பயம் வந்து, கியர்மேல் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.