ஹால்வோருடைய ஷூ

என் கணவர் ஓட்வார் சோபாவில் சாய்ந்து கால் மேல் கால் போட்டபோதுதான் அதைப் பார்த்தேன். கறுப்புச் சாக்ஸின் அடியில், குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், பித்தளைப் பொட்டு மாதிரி ஒன்று மின்னியது. கொடித் தோரணத்தைச் சுவரில் குத்தி வைக்கிற பின். முள் முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. மனிதர் என்னடாவென்றால் இன்னொரு துண்டு கேக்கை ரசித்துத் தின்றுகொண்டிருக்கிறார்.



பேத்தி இங்வில்டுக்கு அன்று காலை சர்ச்சில் திடப்படுத்தல், பிள்ளைகள் வளர்ந்ததும் சபையார் முன்னால் விசுவாசத்தை உறுதி சொல்கிற சடங்கு. மதியம் மகள் மாரித் வீட்டில் விருந்து. எங்கள் பக்கத்தில் அரசனே வந்தாலும் வாசலில் ஷூவைக் கழற்றித்தான் ஆகவேண்டும். பெண்கள் நாங்கள் உள்ளே போட்டுக்கொள்ள ஒரு ஜோடியைப் பையில் கொண்டுபோவோம். ஆண்களுக்கு அந்த அக்கறையெல்லாம் ஏது, கோட்டும் டையுமாக வெறும் சாக்ஸோடு உலாத்துவார்கள். அப்படி உலாத்தும்போதுதான் இவர் அதை மிதித்திருக்க வேண்டும். எப்போது மிதித்தாரோ. சாப்பாட்டுக்கு முன்பே என்றால், அந்தப் பின்மேல் நின்றுகொண்டே பேத்திக்கு வாழ்த்துரையும் சொல்லி முடித்திருக்கிறார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துப் பின்னை இழுத்தேன். வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது.

"என்ன பண்றே தூருன்?"

"சாக்ஸ்ல நூலு தொங்குது."

"விடு, எல்லாரும் பாக்குறாங்க. இத்தனை வருஷம் கழிச்சு புருஷன் காலப் புடிக்கிறாளேன்னு சிரிக்கப் போறாங்க."

பின்னைக் கைக்குள் மூடிக்கொண்டேன். சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கால் எனக்குத் தெரியாத கால் இல்லை. கல்யாணத்தின்போது நாற்பத்திரண்டாம் நம்பர் ஷூ. குளித்துவிட்டு வந்தால் தரையில் குதிகாலும் விரல் பக்கமும் மட்டும் பதியும், நடுவில் காய்ந்து கிடக்கும். இப்போது பலகை மாதிரி முழுசாகப் பதிகிறது. பாதம் நீண்டு, அகன்று, நாற்பத்துநாலுக்கு வந்துவிட்டது. அடிச் சதை கரைந்துவிட்டது, நகத்தை வெட்ட நான்தான் உட்காரவேண்டும். என்னுடையதும் அழகுப் போட்டிக்குப் போகிற கால் இல்லை. பெருவிரல் எலும்பு புடைத்து, ஷூக் கடைக்குள் போகவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் கால் வலிக்கிறது. குளிருக்கு வலிக்கிறது, கல் குத்தினால் வலிக்கிறது. அதை எத்தனை நாள் திட்டியிருப்பேன்.

இவருடைய கால் வலிக்கவில்லை. அந்தக் காலை நம்பித்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் காரில் ஏறி உட்காரப் போகிறேன்.

வீட்டுக்குப் போகிற சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல், ஃபியோர்டு. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஒருநாள் கார் கொட்டகைக் கதவில் போய் இடித்தது. "ஐஸ் வழுக்கிருச்சு," என்றார். அன்றைக்கு ஐஸே இல்லை. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு ஓட்டத் தெரியாது. எங்கள் பக்கம் பஸ்ஸை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கார் போனால் வீடும் கைவிட்டுப் போகும். மாரித் ஏற்கெனவே நகரத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தாள். லிஃப்ட் இருக்கும்மா, லிஃப்ட் இருக்கும்மா என்று போனில் ஓயாமல் சொல்வாள். ஓட்வாருக்குக் காலையில் எழுந்ததும் படகைப் போய்ப் பார்க்காவிட்டால் காப்பி இறங்காது. லிஃப்ட்டை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்?

மாரித் காப்பிக் கூஜாவோடு வந்தாள். "ஏம்மா மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"கேக்கு ஜாஸ்தியாயிருச்சு."

"அப்பா ஓட்டிருவாரில்ல? முடியலேன்னா இங்கயே தங்கிருங்க."

"ஏன் ஓட்டாம?" என்றது என் வாய். வெடுக்கென்று விழுந்தேன் போல. அவள் கூஜாவை எடுத்துக்கொண்டு அடுத்தவர்களுக்கு ஊற்றப் போய்விட்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நேரே அவரிடம் கேட்டால் உண்மை வராது. போன வருஷம் கால் மரத்துப்போகிறதா என்று டாக்டர் கேட்டதற்கே "மீசை முளைச்சப்ப இருந்த காலு, அப்படியே இருக்கு" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தவர். அதனால் கிளம்புகிற நேரத்தில் முதல் ஆளாக வாசலுக்குப் போனேன். ஆண்களின் ஷூ அத்தனையும் கறுப்பு, ஒரே குவியல். மருமகனின் அப்பா ஹால்வோர் குள்ள மனிதர், நாற்பத்திரண்டு போடுகிறவர், உள்ளே இன்னும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஷூவை எடுத்து பெஞ்சின் முன்னால் வைத்தேன். ஓட்வாருடையதைக் கதவுக்குப் பின்னால் தள்ளினேன். இரண்டு நம்பர் சின்னது. உயிருள்ள கால் என்றால் நுழைத்ததுமே கத்தும். திட்டட்டும், ஊரைக் கூட்டட்டும், நான் நிம்மதியாகக் காரில் ஏறுவேன்.

ஓட்வார் வந்து உட்கார்ந்தார். ஷூ மாட்டுகிற நீளத் தகட்டை வைத்து முதல் காலை அழுத்தினார். முக்கினார். லேசைத் தளர்த்தி மறுபடி அழுத்தினார். கால் உள்ளே போனது. இப்போது சொல்வார் என்று பார்த்தேன். அடுத்த காலையும் நுழைத்தார். லேசைக் கட்டி எழுந்தார். எல்லோரையும் கட்டிப்பிடித்து விடை சொன்னார். படி இறங்கினார். ஜல்லி போட்ட பாதையில் கார் வரைக்கும் நடந்தார். பின்னாலேயே போனேன். சொல்லித் தொலையேன் என்று ஒவ்வொரு எட்டுக்கும் மனசு அடித்துக்கொண்டது.

காரில் ஏறி பெல்ட் போட்டார். சாவியை நுழைத்தார். ஆனால் திருகவில்லை.

"ஓட்வார். ஷூ எப்படி இருக்கு?"

"ஹால்வோரோடது. நல்ல தோலு."

"தெரியுமா?"

"கண்ணு இருக்கில்ல. நீ எடுத்து வச்சதயும்தான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் போட்டே?"

கண்ணாடி வழியே ஃபியோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வலிக்கும்னு நெனச்சேன். வலிச்சதும் உன்னை நல்லா நாலு திட்டு திட்டலாம்னுதான் போட்டேன். படியெறங்கினேன், கல்லு மேல நடந்தேன். ஒண்ணுமே தெரியல, தூருன்."

சாவியை உருவி என் மடியில் வைத்தார்.

அப்போதுதான் வீட்டுக் கதவு திறந்தது. ஹால்வோர் சாக்ஸோடு வாசற்படியில் நின்று, கையில் ஓட்வாரின் ஷூவைத் தூக்கிக் காட்டினார். "என் ஷூவப் போட்டுக்கிட்டு எங்கய்யா கெளம்பிட்டே? உன் படகு ரெண்டும் இங்க கெடக்கு."

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். மாரித்தும் விழுந்து விழுந்து சிரித்தாள். எந்த விருந்தாக இருந்தாலும் யாராவது ஒருத்தர் மாற்றிப் போட்டுக்கொண்டு போவதுதான், அடுத்த விருந்து வரைக்கும் சொல்லிச் சிரிப்பதுதான். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் போதும். ஷூவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஓட்வார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சிரிக்கத் தயாராக இருந்தார், நான் ஆரம்பித்தால்.

கதவைத் திறந்து இறங்கினேன். "மாரித், நீ ஒயின் குடிச்சியா?"

"இல்லையே. ஏம்மா?"

"அப்ப கோட்ட மாட்டிக்கிட்டு வா. நீதான் எங்களக் கொண்டுவிடணும்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. வெறும் சாக்ஸோடு ஜல்லியில் ஓடிவந்தாள். நான் ஓட்வார் பக்கக் கதவைத் திறந்து, அவர் காலை வெளியே எடுத்து வைத்து ஷூவை இழுத்தேன். வர மறுத்தது. ஒருவழியாக வந்தபோது சாக்ஸ் குதிகாலில் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

"அய்யோ அப்பா, வலிக்குதா?"

"எனக்கில்ல," என்றார் ஓட்வார். "உங்கம்மாவுக்குத்தான் வலிக்குது, பாரு."

நான் குனிந்த தலை நிமிராமல் அடுத்த ஷூவின் லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.