ஆறு லிட்டர்

கேப்டன் பெயர்ப்பட்டியலை லேப் ஓய்வறைச் சுவரில் ஒட்டினார். ஏழு பெயர்கள் பேனாவில் இருந்தன. எட்டாவது பெயர் என்னுடையது. அது மட்டும் பென்சிலில்.

“எனக்கு மட்டும் ஏன் சார் பென்சில்?”

“தப்பா எடுத்துக்காதம்மா. நாலு நாள் பயணம். கூடாரம், சாப்பாடு, துணி எல்லாத்தையும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டு மூணு மலை ஏறி இறங்கணும். உங்களுக்கெல்லாம் இது பழக்கம் இருக்காது. ட்ரயல்ல பாத்துட்டு முடிவு பண்ணலாம்.”

உங்களுக்கெல்லாம். அந்த ஒரு சொல்லுக்குள் என் அப்பா, அம்மா, நான் படித்த பள்ளிக்கூடம், நான் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தார். மனுஷர் நல்லவர்தான். நல்லவர்கள் இப்படிப் பேசும்போதுதான் எனக்கு அதிகம் எரியும்.

அவர் எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை ஆய்வாளர். சைக்கிள் குழுவை ஆரம்பித்தவர் என்பதால் கேப்டன். ட்ரயலுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். பயணத்துக்கான முழுச் சுமையோடு காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். பத்து மணிக்குள் மலை உச்சியில் இருக்கும் கண்காணிப்புக் கோபுரத்தைத் தொட வேண்டும். தூரம் இருபத்தாறு கிலோமீட்டர், அதில் கடைசி ஒன்பதும் ஏற்றம். மூச்சு வாங்க நிற்கலாம், ஆனால் இறங்கித் தள்ளினால் செல்லாது. அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டே வாய்ப்புகள்.

நான் கியர் சைக்கிள் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவும் யாரோ ஓட்டிச் சலித்த சைக்கிள். எந்த கியரை எப்போது மாற்றுவது என்பதற்கே இரண்டு மாதம் போயிற்று. சங்கிலி கழன்று நடுரோட்டில் நின்ற நாட்களை எண்ணவே மாட்டேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

“சைக்கிளா? சைக்கிள விட்டு இறங்கணும்னுதானேடி உன்னப் படிக்க வச்சோம்? உங்கப்பா பத்தொம்பது வருஷம் சிலிண்டர் கட்டி மிதிச்சது பத்தாதா?”

“அது வேலைம்மா. இது…”

“இது என்ன? கொழுப்பா?”

அப்பா வீடு வீடாக சைக்கிளில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போட்டவர். முட்டி போனபிறகு ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் சைக்கிளை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வாசலில் அது நின்றால் சுற்றிக்கொண்டு போவார்.

முதல் ஞாயிறுக்கு நான் மூட்டை கட்டிய விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. இரண்டு பேன்ட், தடித்த துண்டு, எவர்சில்வர் டப்பா, இரண்டு கிலோ எடையில் இரும்புச் சங்கிலியும் பூட்டும். மலை உச்சியில் யார் திருடப் போகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தெருவில் வாளியைக்கூடச் சங்கிலி போட்டுத்தான் வைப்போம். எல்லாவற்றுக்கும் மேலே ஆறு லிட்டர் தண்ணீர், மூன்று பெரிய பாட்டில்களில், பின்னால் கேரியரின் இரண்டு பக்கமும் மேலேயுமாக.

தண்ணீர் விஷயத்தில் என்னோடு யாரும் பேச முடியாது. தினமும் நாற்பது மாதிரி சோதிக்கிறேன். பளிங்கு மாதிரி தெரியும் தண்ணீரில் என்னென்ன நீந்துகிறது என்று எனக்குத் தெரியும். வழியில் எந்தக் குழாயையும் ஓடையையும் நம்ப நான் தயாராக இல்லை. இந்த முட்டாள்தனத்தைத் தண்ணீர் சோதிக்கிறவள்தான் செய்ய முடியும்.

ஏற்றம் தொடங்கி நான்கு கிலோமீட்டர் வரை சமாளித்தேன். ஓடைப் பாலத்துக்கு முன்னால் சாலை சட்டென்று செங்குத்தாக எழும்புகிறது. அழுத்தி மிதித்தேன். முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. பயந்துபோன குதிரை மாதிரி சைக்கிள் எழுந்து நின்றது. நான் முதுகு அடிபட விழுந்தேன். ஒரு பாட்டில் உருண்டு உருண்டு கீழே போனது.

முன்னால் போன கேப்டன் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். “அடி கிடி பட்டுச்சா?” என்றார். இல்லை என்றதும் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். “என்னம்மா இது, குடியிருக்கவே போறியா? பாதி வழியில செக்போஸ்ட் குழாய் இருக்கு. நான் ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் கொண்டுவர்றேன்.”

கூட வந்த டூத்பிரஷ் ஒரு பக்கம் திரும்பிச் சிரித்தான். மாதிரி வாங்கும் அறையில் வேலை பார்க்கிறவன். எடை குறைக்கிறேன் என்று பல்துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தவன். அவனுக்கு என்ன சிரிப்பு?

“ஆறு லிட்டர்” என்றான். அன்றிலிருந்து லேபில் அதுவே என் பெயர்.

அவர்கள் போனபிறகு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். முழங்கை எரிந்தது. காலுக்குக் கீழே ஓடை சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. சுமந்து வந்த தண்ணீர் முதுகை உடைக்கிறது, கேட்பாரற்ற தண்ணீர் காலடியில் ஓடுகிறது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஒரு பாட்டிலைக் கவிழ்த்துக் காலிசெய்தேன். இறங்கிப் போய் ஓடைத் தண்ணீரை அதில் பிடித்தேன்.

திங்கட்கிழமை அதைச் சோதனைக்குப் போட்டேன். கிருமிகள் இருந்தன. எதிர்பார்த்ததுதான். இன்னொரு பங்கைத் துணியில் வடிகட்டி, குளோரின் சொட்டு அளந்து விட்டு, முப்பது நிமிடம் காத்திருந்து போட்டேன். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அதே. ஆறு லிட்டருக்குப் பதில் ஒன்றரை லிட்டரும் கட்டைவிரல் அளவு சொட்டு பாட்டிலும் போதும்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை ரசாயனக் கிடங்குக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே பீப்பாய் நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. டூத்பிரஷ் பின்னாலேயே வந்தான்.

“சைக்கிளுக்கு என்ன டெஸ்ட்டு ஆறு லிட்டர்? யூரினா?”

“வாய மூடிட்டு ஹேண்டிலப் புடி.”

பழைய மூட்டையை அப்படியே கட்டியிருந்தேன். முதலில் முன்சக்கரத்தை ஏற்றினோம், எட்டு கிலோ காட்டியது. பின்சக்கரம் இருபத்தைந்து. டூத்பிரஷ் விசிலடித்தான். விழுந்ததற்குக் காரணம் என் பிறப்போ பழக்கமோ இல்லை. எட்டும் இருபத்தைந்தும்தான் காரணம். அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.

பூட்டு போயிற்று. துண்டு, டப்பா, ஒரு பேன்ட் போயின. மிச்சத்தில் கனமானதை எல்லாம் சைக்கிளின் நடுவில், மிதிகட்டைக்கு மேலே இருக்கும் முக்கோணத்தில் வைக்க வேண்டும். அதற்குத் தோதான பை இல்லை. அட்டையில் முக்கோணத்தை வெட்டி எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தேன். அம்மா துணி ஃபாக்டரியில் பாக்கெட் தைக்கும் வரிசையில் இருக்கிறாள், பன்னிரண்டு வருஷமாக வெறும் பாக்கெட்.

“இந்த அளவுல ஒரு பை வேணும்மா. பழைய மழைக்கோட்டுத் துணி இருக்கு.”

“நாள் பூரா தச்சுட்டு வந்தா இங்கயும் தைக்கணுமா? போடி அந்தப் பக்கம்.”

நான் அந்தப் பக்கம் போனேன். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. திட்டிக்கொண்டேதான் தைத்தாள். சைக்கிளை, என்னை, கேப்டனை, கேப்டனைப் பெற்றவர்களை. அட்டையில் நான் விட்டிருந்த கோணல்களை எல்லாம் அவளே சரிசெய்திருந்தாள். இரண்டு மடிப்புத் தையல், ஓரத்தில் நாடா. “பன்னெண்டு வருஷத்துல மொத தடவ ஒரு முழுப் பொருள் தச்சிருக்கேன்” என்று பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு, “விழுந்து கிழுந்து வச்சே, நானே கொன்னுடுவேன்” என்றாள்.

சனிக்கிழமை மறுபடி நிறுத்தேன். முன்னால் பதினொன்று, பின்னால் பதினான்கு.

ஞாயிறு விடியலில் கிளம்பும்போது சைக்கிள் சீட்டின்மேல் மூன்று ரப்பர் பட்டைகள் கிடந்தன. பழைய டியூபைக் கீறி எடுத்தவை, நுனியில் கொக்கி. அப்பா சிலிண்டர் கட்டியவை. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்குகிற மாதிரி. கூடாரத்தை அந்தப் பட்டைகளால் கட்டினேன். கூடாரம் அசையவே இல்லை.

பதினேழு கிலோமீட்டர் சமதளம் சீக்கிரமே முடிந்தது. ஏற்றத்தில் மற்ற எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும். செக்போஸ்ட் குழாயைத் திருகினேன், வெறும் காற்று வந்தது. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது, எனக்குப் போதும். பாலத்துக்கு முந்தைய செங்குத்து வந்தது. இருப்பதிலேயே லேசான கியருக்கு மாற்றினேன். உடம்பை முன்னால் சாய்த்தேன். முன்சக்கரம் ஒட்டிவைத்த மாதிரி தரையிலேயே இருந்தது. ‘உங்களுக்கெல்லாம்’ என்று ஒரு மிதி, ‘உங்களுக்கெல்லாம்’ என்று இன்னொரு மிதி. தொடை தீயாக எரிந்தது. நடந்து போகிறவன் என்னைத் தாண்டிவிடுவான், அவ்வளவு மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் கால் தரையில் படவில்லை.

ஓடையில் மட்டும் நின்றேன். காலியாகிவிட்ட பாட்டிலில் துணி வழியாகத் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, மணி பார்த்துக்கொண்டேன். எட்டு முப்பது. ஏறி உட்கார்ந்தேன்.

கோபுரத்தின் கைப்பிடியை நான் தொட்டபோது மணி ஒன்பது நாற்பத்தாறு. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, வார்த்தை இல்லை. எதிர்மலையிலிருந்து அது திரும்பி வந்தது. டூத்பிரஷ் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். “ஏய், வந்துட்டா! ஆறு லிட்டர் வந்துட்டா!”

கேப்டன் படியில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. குழாயை நம்பிச் சின்ன பாட்டிலோடு வந்தவர்.

“வாழ்த்துகள்மா” என்றார் வறண்ட குரலில். அவர் கண் என் பாட்டில்மேல் இருந்தது. “அது… ஓடைத் தண்ணியா? குடிக்கலாமா?”

“இது குடிக்கலாம் சார். முப்பது நிமிஷம் தாண்டியாச்சு.”

பாட்டில் கை மாறிக் கை மாறிப் போய் அவரிடம் வரும்போது காலியாக இருந்தது. கோபுரத்துப் பின்னால் பாறையிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. அவருடைய பாட்டிலை வாங்கி வடிகட்டினேன். ஓடையைவிடக் கலங்கலாக இருக்கிறதே என்று ஒரு சொட்டு கூட்டி விட்டு, குலுக்கி, அவர் பக்கத்தில் படியில் வைத்தேன். அவர் கை நீண்டது.

“முப்பது நிமிஷம் சார்.”

“ரொம்பத் தாகமா இருக்கும்மா. இருபது போதாது?”

“நீங்க பத்தரைக்கு வந்தவங்கள பத்து மணின்னு எழுதுவீங்களா?”

டூத்பிரஷ் தரையில் உருண்டு சிரித்தான். கேப்டன் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். முப்பது நிமிடம் முழுசாகக் காத்திருந்தார். குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பென்சிலின் மேலேயே பேனாவால் என் பெயரை அழுத்தி எழுதினார். பக்கத்தில் ‘தண்ணீர்ப் பொறுப்பு’ என்றும் எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா வாசலிலேயே நின்றாள். முதலில் என் கை காலைப் பார்த்தாள், அடுத்து பையின் தையலைப் பார்த்தாள். ஒரு நூலும் பிரியவில்லை. இரண்டிலும் திருப்தி.

அப்பா சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராக வந்து, பட்டையை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“எத்தன கிலோ ஏத்துன?”

“மூட்டை மட்டும் பதினொன்னு.”

“நான் அறுவது கிலோ ஏத்துனவன்.”

“மலையிலயா?”

அவர் சிரிப்பு மீசைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தது, முடியவில்லை.

“மலையில இல்ல” என்றார்.