இருபத்தெட்டு நாள் விதி

மதியம் ஒன்றேகாலுக்குத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. அக்கா அப்போது கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கோல்கீப்பருக்கு முப்பத்தாறு வயசு. பந்து வலைக்குள்ள போனப்புறம்தான் அவனுக்கே தெரியுது. உங்க கடையிலயே ஒரு கண்ணாடி போட்டு விடு."

"உன் டீமுக்கு அவன் கண்ணை மூடிட்டு நின்னாலே போதும்" என்று அவள் பதில் போட்டாள்.

"மூணாவது சனிக்கிழமை பார்க்கலாம். அப்புறம் அழுதுட்டு அம்மாகிட்ட போய்ச் சொல்லக் கூடாது."

அம்மா போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு விட்டுப்போகவில்லை. அவள் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு ஒரு வாத்தியாரின் படிக்கும் கண்ணாடியை எடுத்துச் சட்டத்துக்கு அளவு பார்த்தாள்.

மூன்று பத்துக்குக் கிடங்கிலிருந்து தொலைபேசி வந்தது. தம்பி அங்கே பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அடுக்கியிருந்த பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். தண்ணீர் கொண்டுவரப் போனவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தொன்று. ஒருநாள் தலைவலி என்று படுத்தவனில்லை.

அவர்கள் ஆடியது இணையத்தில் நடக்கும் கால்பந்து மேலாளர் விளையாட்டு. காலால் உதைக்கிற வேலையே கிடையாது. ஆளுக்கொரு அணி, இருபத்திரண்டு வீரர்கள். யார் எங்கே நிற்பது, யாருக்கு என்ன பயிற்சி என்று வாரம் முழுக்க உத்தரவு போடலாம். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆட்டம் தானாக நடக்கும். அப்போது பார்த்துக்கொண்டு பல்லைக் கடிக்கலாம், அவ்வளவுதான். தம்பியின் அணிக்குப் பெயர் மூன்றாம் மாடி. இருவரும் வளர்ந்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. பந்து கை தவறினால் அறுபது படி இறங்க வேண்டும். அவள் அணிக்கு ஈரக் காலுறை என்று பெயர் வைத்ததும் அவன்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளைக் கேட்காமலே சேர்த்துவிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேச ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இது அந்தச் சாக்கு.

அவன் போன பதினோராம் நாள்தான் அவள் மறுபடி அதைத் திறந்தாள். மூன்றாம் மாடியின் பக்கத்தில் தலைமாட்டில் ஒரு சிவப்புப் பட்டை.

"மேலாளர் பதினோரு நாட்களாக வரவில்லை. இருபத்தெட்டு நாட்கள் வராவிட்டால் அணி கலைக்கப்படும்."

கலைப்பது என்றால் வீரர்கள் ஏலத்துக்குப் போவார்கள், அணியின் பெயர் பட்டியலிலிருந்து போகும், அந்த இடத்துக்கு வரிசையில் காத்திருக்கும் யாரோ வருவார். பதினேழு நாள் மிச்சம் இருந்தது. அதுவரை அணி அவன் கடைசியாகப் போட்ட உத்தரவின்படியே ஆடிக்கொண்டிருக்கும். முன்வரிசைக்காரன் ஒருவன் காலில் காயத்தோடு போன வாரமும் இறங்கியிருந்தான். மாற்ற ஆளில்லை.

அவன் கணக்குக்குள் ஒரு தடவை நுழைந்து வந்தாலே போதும், பட்டை போய்விடும். கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், அடுத்தவர் கணக்கில் நுழைவது அங்கே முதல் குற்றம். ஒருவனே இரண்டு அணி வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்து, தம்பியே இரண்டு வாரம் சண்டை போட்டு அவனை வெளியே அனுப்பியிருக்கிறான்.

ஆகவே அவள் நேர்வழியில் போனாள். விளையாட்டில் 'யோசனைகள்' என்று ஒரு பகுதி உண்டு. தம்பியின் இரண்டாவது வீடு அது. கல்யாணத்துக்குப் போனால்கூட நாற்காலி போட்ட விதத்தில் குறை கண்டுபிடிக்கிறவன். ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு யோசனை எழுதியிருந்தான். "படிச்சியா?" என்பான். "பிரமாதம்டா" என்பாள். ஒன்றைக்கூட அவள் முழுக்கப் படித்ததில்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் அதிலும் ஒரு சடங்கு இருப்பது தெரிந்தது. நான்கு கட்டம். இப்போது உள்ள குறை என்ன, என்ன மாற்றம் வேண்டும், எல்லோருக்கும் இதனால் என்ன பயன், இதற்கு முன் யாராவது சொல்லியிருக்கிறார்களா. கட்டத்துக்கு அறுநூறு எழுத்துதான். முதல் கட்டத்தில் 'என் தம்பி' என்று ஆரம்பித்து எழுதிக்கொண்டே போனாள். அறுநூறு முடிந்தபோது அவன் இன்னும் உயிரோடுதான் இருந்தான். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "மேலாளர் இறந்துவிட்டால், குடும்பத்தார் தகவல் கொடுத்தால், அணியைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும்."

மூன்றாவது கட்டம் அவளை ஒரு மணி நேரம் உட்காரவைத்தது. எல்லோருக்கும் என்ன பயன்? கடைசியில் "எல்லோரும் சாகத்தான் போகிறோம்" என்று போட்டாள்.

பத்து நிமிடத்தில் விளையாட்டை நடத்தும் இயந்திரமே பதில் சொன்னது: விடுப்பு வசதி ஏற்கனவே இருக்கிறது, மேலாளர் ஊருக்குப் போகும் முன் பொத்தானை அழுத்த வேண்டும்.

"போனவன் சொல்லிட்டுப் போகலைங்க" என்று கீழே எழுதினாள்.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். நாலைந்து பேர் வருத்தம் சொன்னார்கள். ஒருவர் இதே யோசனை முன்பே வந்ததாக ஒரு எண்ணைக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது. பழையபந்து என்ற பெயரில் இன்னொருவர் சிரிக்காமல் எழுதியிருந்தார்: "லீவு போட பெரியப்பாவை நாலு தடவை கொன்னவங்கதான் நாமெல்லாம். ரெண்டாவது டீம் கிடைக்கும்னா வீட்ல ஒருத்தரை மிச்சம் வைக்க மாட்டானுங்க."

அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின்மேல் கோபமும் வந்தது. நாற்பது வாக்கு விழுந்தால்தான் நிர்வாகம் திரும்பிப் பார்க்கும். மூன்று நாளில் பதினொன்று விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி சமையலறையில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த டப்பாவை டொக்கென்று வைத்தாள்.

"கலையட்டும் அண்ணி."

"என்னம்மா இப்படிச் சொல்றே?"

"வேற எப்படிச் சொல்ல? சனிக்கிழமை ஆனா என் வீட்டுக்காரர் எனக்கில்ல. எங்கயாவது கூப்பிட்டா பதினொரு மணிக்கு மேட்ச்ம்பாரு. ஒன்பது வருஷம் அது எனக்குச் சக்களத்தி. அவரே போயாச்சு, சக்களத்தியை வச்சு நான் கஞ்சி ஊத்தணுமா?"

"பாஸ்வேர்ட் எங்கயாவது எழுதி வச்சிருக்கானா?"

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தாரு. கிழிச்சுட்டேன்" என்றாள் தம்பி மனைவி. பொய் என்று முகத்திலேயே தெரிந்தது. அக்கா டீ குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. ஈரக் காலுறைக்கும் மூன்றாம் மாடிக்கும் ஆட்டம். அவள் உத்தரவு எதையும் மாற்றாமல் விட்டுவிடலாமா என்று வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். வேண்டுமென்றே தோற்றால் அவன் மன்னிக்க மாட்டான். சரியாகவே ஆட்களை நிறுத்தினாள். நாலு பூஜ்யம், அவள் ஜெயித்தாள். அவன் ஆள் ஒருவன் காலை இழுத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் நின்றான். அதற்கு முன் ஒன்பது வருடத்தில் அவள் அவனை ஜெயித்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் அந்த வாரம் முழுக்கத் தொலைபேசியை எடுக்கவே பயப்படும்படி அவனைப் படுத்தியிருக்கிறாள். இன்று யாரைப் படுத்துவது? கடைக்கு வந்தவர் கண்ணாடிச் சட்டம் மூக்கை அழுத்துகிறது என்றதற்கு, "மூக்கை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினாள்.

இருபத்திரண்டாம் நாள், வாக்கு முப்பத்தொன்றில் நின்றிருந்தபோதே, யோசனைகளை மேற்பார்க்கும் நடுவர் நிர்வாகத்திலிருந்து வந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். ஆனால் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை. இருபத்தெட்டு நாள் விதி நாங்கள் யோசித்ததல்ல. ஏழு வருடத்துக்கு முன் ஓர் உறுப்பினர் கொடுத்த யோசனை. கொடுத்தவர் மூன்றாம் மாடியின் மேலாளர்."

கீழே சுட்டி இருந்தது. அவள் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். நான்கு கட்டத்தையும் அவன் அறுநூறுக்கு ஓரெழுத்து மிச்சமில்லாமல் நிரப்பியிருந்தான். பாதி லீக் ஆளில்லா அணி, வருகிறவனுக்கு இடமில்லை. "ஆளில்லாத அணியை ஜெயிக்கிறதும் ஒரு ஜெயிப்பா? காலி வீட்டுக் கதவைத் தட்டிட்டு ஓடுற மாதிரி இருக்கு." கீழே ஒருவர் கேட்டிருந்தார், ஆஸ்பத்திரியில் கிடந்தால் என்ன செய்வது என்று. "இருபத்தெட்டு நாள்ல ஒரு நிமிஷம் கிடைக்காதா?" அவர் விடவில்லை. செத்தே போய்விட்டால்?

"செத்தவனுக்கு எதுக்கு அண்ணே டீமு? அடுத்தவனுக்குக் குடுங்க."

கீழே அறுபத்து மூன்று பேர் சிரித்திருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. இருபத்திரண்டு நாளாக யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் இயந்திரத்தின்மேலும் நடுவர்மேலும் கடைக்கு வந்தவர் மூக்கின்மேலும் காட்டிய கோபத்துக்கு இப்போதுதான் ஆள் கிடைத்தான். "எருமை" என்றாள் வாய்விட்டு. "உனக்கு யார்டா யோசனை கேட்டது?" சின்ன வயதிலிருந்தே அவனோடு வாதாடி ஜெயித்ததில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் பேச்சில் மடக்கிவிட்டான். யோசனைகள் பகுதிக்குப் போய்த் தன் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினாள். காரணம் கேட்கும் கட்டத்தில் 'குடும்ப விஷயம்' என்று போட்டாள்.

இருபத்தேழாம் நாள் மதியம் தம்பி மனைவி கடைக்கு வந்தாள். பின்னறை வாசலில் நின்றுகொண்டு கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். நாலாக மடித்திருந்தது, ஓரம் எண்ணெய்ப் பிசுக்கு.

"கிழிக்கல அண்ணி. நாளையோட முடியுதுன்னீங்களே. உள்ள போய்ட்டு வாங்க. இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

"உனக்குத்தான் சக்களத்தியாச்சே."

"அவ போனா சண்டை போடக்கூட ஆளில்ல."

அக்கா சீட்டை வாங்கிக்கொள்ளாமல் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அணியின் பக்கம் வெளியிலிருந்து பார்க்க யாருக்கும் திறந்ததுதான். அதைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினாள். சிவப்புப் பட்டைக்குக் கீழே இருபத்திரண்டு பெயர். இயந்திரம் வைத்த நீளமான பெயர்களுக்குப் பக்கத்தில் தம்பி சிலருக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தான். ஓட்டமாக ஓடுகிறவனுக்குக் கடன்காரன். எதற்கும் உதவாத ஒருவனுக்கு மச்சான். தற்காப்பு வரிசை நடுவில் நிற்கும் தலைவனுக்கு வீட்டுக்காரி.

தம்பி மனைவி தொலைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணி, ஆம்பளைக்குப் போய் வீட்டுக்காரின்னு?"

"அவன்தான் கேப்டன். அவனைத் தாண்டி எதுவும் உள்ள போகாது. அதான்."

"ஒன்பது வருஷமா என்னை வெயில்ல நிறுத்தி வச்சிருக்காரு" என்றாள் அவள். "கேப்டன்னா பெரிய ஆளா?"

"மத்தவன் எல்லாம் அவன் சொல்றதைக் கேக்கணும்."

"வீட்ல ஒரு நாள் கேட்டதில்ல."

அதற்குப் பிறகு அக்கா பழைய யோசனையைப் படித்துக் காட்டினாள். கடைசி வரியின் பாதியில் தொலைபேசியை அவளிடம் நீட்டினாள். தம்பி மனைவிதான் முடித்தாள், அவன் குரலிலேயே, "அடுத்தவனுக்குக் குடுங்க" என்று. சீட்டை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவரே போட்ட விதியா? அப்ப நாம மீறினா நல்லாருக்காது அண்ணி."

இருபத்தெட்டாம் நாள் மூன்றாம் மாடி கலைந்தது. அந்த இடத்துக்கு ஒரு புது அணி வந்தது. மேலாளர் நல்ல ஆள், வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். ஏலத்தில் அக்கா மற்றவர்களை விட்டுவிட்டு அந்தத் தற்காப்புக்காரனை மட்டும் எடுத்தாள். ஆள் வந்து சேர்ந்தான், செல்லப்பெயர் இல்லாமல். அவளே அடித்துப் பார்த்தாள். "தங்கள் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த வீரருக்கு மட்டுமே செல்லப்பெயர் வைக்கலாம்" என்று இயந்திரம் சொன்னது. மூன்று தடவை அடித்தாள், மூன்று தடவையும் சொன்னது.

மறுபடி நான்கு கட்டம். இந்தத் தடவை அவளுக்குக் கை பழகியிருந்தது. "வீரர் அணி மாறினாலும் அவருடைய செல்லப்பெயர் கூடவே வர வேண்டும்." பயன் என்ற கட்டத்தில், வாங்குகிறவருக்கு ஆள் எப்படிப்பட்டவன் என்று உடனே தெரிந்துவிடும் என்று எழுதினாள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாற்பது வாக்கு மூன்றே நாளில் விழுந்தது. பழையபந்துகூடப் போட்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் பன்னிரண்டரை மணிக்குத் தம்பி மனைவி கூப்பிடுகிறாள். நலம் விசாரிப்பதில்லை. "என் ஆளு எப்படி ஆடினான்?" என்பாள். ஒரு கோல் விட்டுட்டான் என்றால், "பக்கத்துல நிக்கிறவன் சரியில்ல அண்ணி, மாத்துங்க" என்பாள். பெயர் வந்துவிட்டதா என்று கடைசியாகக் கேட்பாள்.

பதினான்கு மாதமாகிறது. வாக்கு இருநூற்று ஆறு. அதற்குப் பக்கத்தில், நிலை என்ற இடத்தில், 'பரிசீலனையில்' என்று இருக்கிறது.