எம்.எல்.ஏ.வின் பத்து மணி

பத்து மணி ஆக நான்கு நிமிடம் இருக்கும்போது மகள் நாற்காலிகளுக்கு நடுவே இன்னொரு முறை நடந்து பார்த்தாள். போட்டிருந்தது இருநூறு. உட்கார்ந்திருந்தது பத்தொன்பது பேர். அதில் இரண்டு பேர் பந்தல் போட வந்தவர்கள். வேலை முடிந்தும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே முன்னறையில் அப்பா படுத்திருந்தார். முப்பது வருடமாக அவர் மனு வாங்கிய அறை அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பதினோரு ஊர், இந்தப் பக்கம் ஒன்பது. ஆறு தேர்தலிலும் அந்த இருபது ஊரும் அவரைத்தான் சட்டசபைக்கு அனுப்பின. நேற்றுக் காலை டீ குடித்துக்கொண்டே கண்ணாடி எங்கே என்று கேட்டார். அம்மா அது அவர் தலையில்தான் இருக்கிறது என்று சொல்வதற்குள் போய்விட்டார். வாழ்நாளில் யாரையும் காக்க வைக்காமல் அவர் முடித்த ஒரே காரியம் அதுதான்.

மகளுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. ஒரு ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய உத்தியோகம். அப்பாவுக்காகக் காத்திருந்தே வளர்ந்தவள் இந்த வேலைக்குத்தான் போவாள் என்று அம்மா சொல்வதுண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் பரிசு வாங்கி, மேடையையும் பிரித்தாகி, வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிய பிறகுதான் அப்பாவின் ஜீப் வந்து நிற்கும். கேட்டால் தொகுதி வேலை. இன்றைக்காவது மனிதர் நேரத்துக்குக் கிளம்பட்டும் என்று அவள்தான் பத்து மணி வைத்திருந்தாள்.

பத்து அடித்தது. பத்தேகாலும் ஆனது. பத்தொன்பது பேர் இருபத்தொன்று ஆனார்கள். இந்த ஜனங்களுக்காகத்தானே வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் அலைந்தார். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க வருவதற்குக்கூடவா இவர்களுக்கு முடியவில்லை?

வாசலில் ஜீப்பின் பின் சீட்டில் டிரைவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். இருபத்தாறு வருடம் அப்பாவுக்கு வண்டி ஓட்டியவர். நேற்று முழுக்க ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் செய்தி சொன்னவரும் அவர்தான்.

"அண்ணே, எல்லா ஊர்லயும் சொன்னீங்களா?"

"இருபது ஊர்லயும் சொன்னேன் பாப்பா. தொண்டையே கட்டிப் போச்சு."

"என்னன்னு சொன்னீங்க?"

"எப்பவும் சொல்றதுதான். எம்.எல்.ஏ. அவர்களின் இறுதிப் பயணம் நாளைக் காலை சரியாகப் பத்து மணிக்கு." சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் நேரமிருக்கு. கொஞ்சம் சாய்ஞ்சுக்கோங்க."

இவரிடம் பேசிப் பயனில்லை என்று அவள் படகுக்காரருக்குப் போன் போட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அவர் படகில்தான் வரவேண்டும்.

"எத்தனை நடை வந்துருக்கு?"

"ஒண்ணும் இல்லியேம்மா. இப்பதான் ஜனங்க குளிச்சுட்டு இருக்காங்க."

"பத்து மணின்னு சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்கம்மா. ஐயா பத்துன்னா ஒன்றரை. அந்தக் கணக்குல முதல் நடை பதினொன்றரைக்கு வச்சிருக்கேன்." அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, இந்தத் தடவையும் அப்படித்தானே?"

படகு ஒன்றுதான். ஒரு நடைக்கு முப்பது பேர். இப்போது விரட்டினாலும் பதினோரு ஊரும் வந்துசேர மதியம் ஆகிவிடும். ஒன்று, இந்த இருபத்தொரு பேரோடு கிளம்ப வேண்டும். இல்லையென்றால் அப்பா பாணியில் மூன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்ப வேண்டும்.

"இருங்க, அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

முன்னறையில் தலைநகரத்திலிருந்து வந்த ஒருவர் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். சட்டசபையில் உறுப்பினர் பேசும் நேரத்தைப் பார்த்து, முடிந்ததும் மணி அடிக்கிற வேலை அவருக்கு. பன்னிரண்டு பத்து ரயிலில் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தார்.

"எப்ப கிளம்பும்மா?" என்றார் அவர்.

"தெரியல சார். ஒன்றரைக்கு முன்னால ஜனம் வராதாம். அப்பா இவங்களையும் கெடுத்து வச்சிருக்கார். வாழ்க்கையில ஒரு தடவையாவது நேரத்துக்கு வந்திருந்தாத்தானே?"

அவள் வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல மணிக்காரர் அவளைப் பார்த்தார்.

"உங்கப்பாவா? சபையில எனக்கு வேலையே வைக்காத ஒரே ஆளும்மா அவர். சின்னக் கட்சி, மூணு நிமிஷம்தான் கிடைக்கும். மத்தவங்க வணக்கம் சொல்லவே ஒரு நிமிஷம் எடுத்துப்பாங்க. இவர் எழுந்ததும் ஊர் பேரைச் சொல்ல ஆரம்பிப்பார். இருபது ஊர், ஊருக்கு ஒன்பது செகண்ட். எந்த ஊருக்கு என்ன வேணும்னு சொல்லிட்டு உக்காரும்போது சரியா மூணு நிமிஷம் ஆகும். நான் மணி மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே இருப்பேன். ஒரு நாள்கூட அடிக்க விட்டதில்ல."

"அது என்ன கணக்கு, ஒன்பது செகண்ட்?"

அம்மா சிரித்துவிட்டாள். அழுது சிவந்த கண்ணோடு அப்படி ஒரு சிரிப்பு.

"ஒரு ஊருக்குப் பத்து ஆச்சுன்னா அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான்டி. ரேடியோவுல கேட்டுட்டே இருப்பானுங்க. சபைக்குப் போற முந்தின நாள் இங்க நின்னு எங்கிட்ட பேசிக் காட்டுவார். ஒன்பது தாண்டினா நான் கரண்டியால தட்டைத் தட்டணும். மாட்டு டாக்டர் கேட்ட அன்னைக்கு மட்டும் பதினொண்ணு ஆச்சு. திருப்பித் திருப்பிச் சொல்லவச்சு ரெண்டு செகண்டைக் குறைக்கிறதுக்குள்ள எனக்கு அடுப்புல எல்லாம் தீஞ்சு போச்சு."

"டாக்டர் வந்தாரா?"

"வராம? இப்பவும் அந்த ஊர்லதான் இருக்கார்."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நொடியை அளந்து பேசத் தெரிந்தவருக்கு மணி பார்க்கத் தெரியாமல் இருந்திருக்காது. அங்கே மூன்று நிமிடத்தை இருபதாக வகுத்தவர், இங்கே வந்ததும் யாருக்கும் நேரத்தை வகுக்கவில்லை. வழியில் கைகாட்டியவன் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றிருக்கிறார். அந்தக் கணக்கில் நானும்தான் கேட் பூட்டிய பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன், என்று நினைத்தாள். கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தாள். வரவில்லை. அப்பா எவ்வளவு தாமதமானாலும் வந்துவிடுவார், வந்த பிறகு அவசரப்பட மாட்டார் என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே, ஜீப் விளக்கு வெளிச்சத்தில், பரிசு வாங்கிய பாட்டை முழுசாகப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்பாவின் மேல் அவளுக்குப் பாசம் பொங்கியது.

படகுக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, இந்தத் தடவையும் அப்படித்தான். ஒன்றரைக்கே வாங்க. படகுல அளவா ஏத்துங்க, அவசரம் வேணாம்."

மணிக்காரரிடம், "சார், உங்க ரயில் போயிடும். அடுத்தது ஆறு அம்பது. அது சரியா வரும், நான் பொறுப்பு" என்றாள்.

"நானும் எத்தனை நாளைக்குத்தான் மணியையே பார்த்துட்டு இருக்கிறது" என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

முதல் நடையில் வந்தவர்கள் மற்றவர்களுக்காகக் கரையிலேயே நின்றிருக்க வேண்டும்; ஒன்றேகாலுக்குத்தான் தெருமுனையில் முதல் தலை தெரிந்தது. ஒன்றரைக்குத் தெரு கொள்ளவில்லை. தலை வாரி, துவைத்த உடுப்பு போட்டு, சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்திருந்தார்கள். இருநூறு நாற்காலியும் எந்த மூலைக்கு? பந்தல்காரர்களே எழுந்து இடம் கொடுத்தார்கள்.

ஈரக் காலோடு ஏறி வந்த ஒரு பெண் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குன்னு பார்த்துச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிட்டாரோன்னு பயந்துக்கிட்டே வந்தேன் தாயி. நல்லவேளை."

"எங்க கிளம்பினார், அக்கா? உங்களையெல்லாம் விட்டுட்டு அவர் எங்க கிளம்புவார்?" என்றாள் மகள். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான்.

மயானம் ஒரு கிலோமீட்டர். போய்ச்சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அப்பாவை ஏற்றிய வண்டியை டிரைவர்தான் ஓட்டினார். ஐயா நிற்கிற இடத்தில் எல்லாம் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. டீக்கடையில், சைக்கிள் கடையில், ரேஷன் கடையில் நின்றது. நின்ற இடத்தில் எல்லாம் ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் அதைத் திருத்த, மூன்றாமவர் அப்போது நீ அங்கேயே இல்லை என்று மறுக்க, கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது. எங்கள் ஊருக்குத்தான் அவர் ஒன்பது செகண்டுக்கு மேல் பேசினார் என்று வந்திருந்த ஒவ்வொரு ஊரும் அடித்துச் சொன்னது. மணிக்காரர் வாயைத் திறக்கவில்லை.

குழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். ஆட்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது படகுக்காரர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

"கடைசி ஊர்க்காரங்களக் காணோமே?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் வயலுக்கு நடுவே வரப்பில் நான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் கடைசியாக வந்தவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

குழி வெட்டியவர் மகளைப் பார்த்தார். அவள் மண் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுத் தானும் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

வரப்பில் சைக்கிள்காரன் நின்றான். குனிந்து, கழன்ற செயினை மாட்ட ஆரம்பித்தான். முன்னால் போன மூன்று பேரும் அவனுக்காக நின்றார்கள். யாரும் அவர்களைக் குரல் கொடுத்துக் கூப்பிடவில்லை.