ரசலையன் டிரம்ஸ் அடித்தால்

கருங்கல் என்ற ஊரின் பக்கத்தில் ரசலையன் டிரம்ஸ் அடித்தபோதெல்லாம் கேட்டவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் குறைவாகவும் கர்ப்பிணிகள் கொஞ்சம் கூடுதலாகவும் உயர்ந்தார்கள். நிறுத்தாமல் அடித்தால் உயரம் ஏறிக்கொண்டே போகும். அடி நின்றதும் எல்லோரும் மெதுவாகக் கீழே வந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஜாஸ் இசையை அவன் உல்லாசக் கப்பலில் கற்றான். சலவைப் பிரிவில் வேலை. கோவாக்கார டிரம்மர் காய்ச்சலில் விழுந்த அன்று அந்த இடத்தில் உட்கார்ந்தவன், கப்பல் வாழ்க்கை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அங்கே ஆட்கள் உயர்வது யாருக்கும் தெரியவில்லை, கப்பலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் பேண்டு தொடங்கினான். டிரம்பெட்டுக்கு முட்டத்திலிருந்து கிளீட்டஸ் வந்தான். சாக்ஸபோனுக்கு கிருஷ்ணமணி, கோயில் கச்சேரிகளில் வாசித்தவன். இரண்டு பேருக்கும் ரசலையன் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தான். அடி விழ வேண்டிய இடத்தில் விழக் கூடாது, ஒரு மயிரிழை பிந்த வேண்டும். அந்த மயிரிழை நேரத்தில்தான் உடம்பு தன் எடையை மறக்கிறது. கிருஷ்ணமணிக்கு இது பிடிபட ஒரு மழைக்காலம் ஆயிற்று. பிடிபட்ட அன்று புகைப்புரைக்கு வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றின் நீளத்துக்கு மேலே போய் நின்றது. கல்யாணம், அசனவிருந்து, கிறிஸ்மஸ் கேரல் என்று பேண்டு நடந்தது. வட்டக்கோட்டையில் வாசித்தபோது சுற்றுலா வந்தவர்கள் படியேறாமலே மதிலுக்கு மேலாகக் கடலைப் பார்த்தார்கள்.

ஊர்த் தேவாலயச் சபைக்குப் புதிய கோபுரம் கட்டினார்கள். மணி வந்தது. சந்துக்குள் கிரேன் நுழையவில்லை. செயலாளர் யேசுரத்தினம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ரசலையனைக் கூப்பிட்டு அனுப்பினார். காலை ஆராதனை முடிந்து அடிக்கத் தொடங்கியவன் சாயங்காலம்வரை நிறுத்தவில்லை. மணியைத் தாங்கிய ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய், கோபுரத்துக்குள் இறங்கி, மாட்டிவிட்டுப் படிவழியாக வந்தார்கள். ரசலையனின் இரண்டு உள்ளங்கையும் உரிந்து போயிருந்தன. பிரதிஷ்டை அன்று பளிங்குக்கல்லைத் திறந்தார்கள். மணி தந்தவர் பெயர் அதில் இருந்தது. மணிக்கயிறு தந்தவர் பெயரும் இருந்தது. பந்திக்கு வாழையிலை தந்தவர் பெயரும் இருந்தது. ரசலையன் போய்க் கேட்டான்.

“மணிய ஏத்தினது கர்த்தர்,” என்றார் யேசுரத்தினம். “நீ கீழ இருந்து தட்டினே. தட்டினவன் பேரெல்லாம் கல்லுல வெட்ட ஒக்குமா?”

“வாழையில வெட்டினவன் பேர வெட்டியிருக்கியளே சாரே.”

“அவன் கமிட்டி மெம்பர் இல்லியா.”

அடுத்த வருடமே சபை ஒரு ரிதம் பேட் வாங்கியது. பட்டனை அமுக்கினால் அதுவே அடிக்கும், அடி பிந்தாது, ஒருவரும் உயரமாட்டார்கள். ஆராதனையில் விசுவாசிகளின் பாதம் தரையில் இருக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் அவன் அடிக்குத் தங்கள் கல்யாணத்தில் கழுத்துயரம் போனவர்கள் இருந்தார்கள். மணியைச் சுமந்து போனவர்களும் இருந்தார்கள். ரசலையன் வெளிநடையில் நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தான்.

அவன் மனைவி கிளாரா அதன்பிறகு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனை கேட்டதில்லை. ரிதம் பேட் தொடங்கியதும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பாள். பிறகு அவளால் நிற்க முடியாமல் ஆயிற்று. படுக்கையிலிருந்து ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

“நான் செத்தா நீங்கதான் அடிக்கணும், கேட்டேளா. அந்தப் பட்டன் பெட்டிய வச்சா நான் போவ மாட்டேன்.”

“உன்னக் கொண்டு போறது நாலு பேரு. நீ எங்க போவ மாட்டே?”

“சிரிக்கப்படாது. வாக்குத் தாங்க.”

கொடுத்தான். கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு வியாழக்கிழமை அவள் இறந்தாள். யேசுரத்தினம் மாலையோடு வந்து, ஜெபத்துக்குத் தலைகுனிந்து, நிமிர்ந்ததும் சொன்னார்.

“அடக்கத்துக்கு உனக்க பேண்டு வேண்டாம் மக்கா. செத்த வீடு கேளிக்கை எடம் இல்ல.”

“அவ கேட்டது சாரே. அவளுக்க அடக்கம்.”

“கல்லறைத்தோட்டம் சபைக்குள்ளது.”

“மணி ஏத்தும்ப சபைக்கு நான் வேணும். எனக்க பெண்டாட்டிய எறக்கும்ப வேண்டாம். அப்படித்தானே?”

யேசுரத்தினம் திரும்பி, சவப்பெட்டி தூக்கும் நேரத்தைப் போதகரிடம் கேட்டார்.

கல்லறைத்தோட்டம்தான் சபைக்குச் சொந்தம், மதிலுக்கு வெளியே ரோடு. ரசலையன் அன்று மனைவியின் பெட்டிக்குப் பின்னால் நடக்கவில்லை. ரோட்டோரத்தில் டிரம்ஸைப் பரப்பி உட்கார்ந்தான். அதற்காக அவனைத் திட்டியவர்கள் உண்டு. கிளீட்டஸும் கிருஷ்ணமணியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். உள்ளே பெட்டியைக் குழிக்கு மேல் கயிற்றில் பிடித்து, ரிதம் பேட்டை அமுக்கிப் பாட்டைத் தொடங்கினார்கள். ரசலையன் குச்சியை எடுத்தான். இவ்வளவு கோபமாக அவன் அடித்ததில்லை. ஆனாலும் அடி பிந்த வேண்டிய அளவுக்குத்தான் பிந்தியது. போதகர் உயர்ந்தார். கயிறு பிடித்தவர்கள் உயர்ந்தார்கள். யேசுரத்தினம் பக்கத்துக் கல்லறையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டார், இருந்தும் கால் இரண்டும் மேலே போய்விட்டன. தலைகீழாக நின்று, “நிறுத்துலே! ஏலே, நிறுத்து!” என்று கத்தினார். அடி முடியும் இடம் வந்தபோது ரசலையன் நிறுத்தினான்.

எல்லோரும் கீழே வந்தார்கள். கிளாராவின் பெட்டி வரவில்லை.

இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது. மண்ணுக்கு மண் என்று சொல்ல வேண்டிய இடத்தில் போதகர் கையில் மண்ணோடு அண்ணாந்து நின்றார். போலீஸ்காரர் வந்து, பெட்டி இவ்வளவு உயரத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து யேசுரத்தினமே ரசலையன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“நீயே வந்து எறக்கி விடு.”

“எறக்க எனக்கு அறியாது சாரே. ஏத்தத்தான் அறியும்.”

“உள்ள வந்து முறையா ஒரு பாட்டு முழுசும் அடி. அவளுக்கு அதுதானே கொற?”

“தோட்டத்துக் கேட்டு வழியா வரட்டா, இல்ல மதிலு சாடி வரணுமா?”

“கேட்டு வழியா வா,” என்றார் யேசுரத்தினம்.

டிரம்ஸைக் கேட்டு வழியாகக் கொண்டு வந்தார்கள். ரசலையன் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்தான். அன்று ஊரே வந்திருந்தது, கைதூக்கியவர்களும் வந்திருந்தார்கள். அவளுக்குப் பிடித்ததை முதலிலிருந்து கடைசிவரை, எதையும் விடாமல் வாசித்தார்கள். மனிதர்கள் வழக்கம்போல உயர்ந்து வழக்கம்போல இறங்கினார்கள். கிளாராவின் பெட்டி இன்னும் ஒரு ஆள் உயரம் மேலே போய், மின்கம்பிக்குப் பக்கத்தில் நின்றது. குழியை மூடிவிட்டார்கள்.

பெட்டி இப்போதும் அங்கேதான் இருக்கிறது. புல்லறுக்க வருகிறவர்கள் மழைக்கு அதன் கீழே ஒதுங்குகிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று நீளமான தோட்டிக் கம்பில் கட்டி அதன்மேல் ஓலை வைக்கிறார்கள். கம்பி பெட்டியில் உரசுகிறது என்று சபை மனுக் கொடுத்ததில் மின்வாரியத்திலிருந்து லைன்மேன் வந்தார். அண்ணாந்து அளந்து பார்த்துவிட்டு, கேட்டருகே நின்ற ரசலையனிடம் கேட்டார்.

“அண்ணே, இது இன்னும் பொங்குமா?”

“ஞாயிறு தோறும் இங்க வந்து அடிக்கேன். கேட்டு தொறந்துதான் கெடக்கு.”

அப்படியானால் நெட்டைக் கம்பம் போட வேண்டியிருக்கும் என்று லைன்மேன் சொன்னார். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து நட்டார்கள்.