புள்ளிக்கு அனுமதி

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒற்றை மாடி அறையில், ஆறு கம்ப்யூட்டர்களோடு நடந்த பயிற்சி மையத்துக்குக் கிறிஸ்டோ வைத்த பெயர் 'சர்வதேச மென்பொருள் அகாடமி'. அதன் முதல்வர் அவர்தான். காலையில் கூட்டிப் பெருக்குவதும் அவர்தான். இந்த மாதத்தோடு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டிடக்காரர் உக்கிரபாண்டி. செல்போன் கடைக்கு வேண்டுமாம். ஆண்டு விழாவுக்கு அவரையே தலைமை தாங்கக் கூப்பிட்டு மனசைக் கரைத்துவிடலாம் என்று கிறிஸ்டோ கணக்குப் போட்டார்.

அதற்காகவே சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினார். ஆங்கிலத்தில் பெயரை அடித்தால், அடித்த ஒவ்வொன்றும் எழுத்துதானா என்று 'இஸ்ஆல்ஃபா' என்ற கட்டளை பார்க்கும். எல்லாம் எழுத்தாக இருந்தால் திரையில் வாழ்த்து வரும்.

"புள்ளியையும் சேத்துக்கங்க," என்றாள் ஜெயசெல்வி. மனைவி, மையத்தின் இன்னோர் ஆசிரியையும் அவளே.

"புள்ளி எழுத்தில்ல செல்வி. சி மொழிக்கே பாடம் எடுக்காத."

விழாவன்று சால்வையோடு உட்கார்ந்த உக்கிரபாண்டி, ஒற்றை விரலால் தேடித் தேடி எம் அடித்தார், புள்ளி வைத்தார், பெயரை அடித்து முடித்தார்.

'இது பெயர் அல்ல' என்றது திரை.

"ஏன் தம்பி, அப்ப அறுவத்திரெண்டு வருசமா நான் யாரு?"

கிறிஸ்டோ டையைத் தளர்த்திக்கொண்டார். "அண்ணாச்சி, இனிஷியல மட்டும் எடுத்துட்டு அடிச்சா..."

"எங்கய்யா முனீஸ்வரனையா? நான் ரூமக் காலி பண்ணச் சொன்னா, நீ அவுகளக் காலி பண்றியா?"

ஜெயசெல்வி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். எழுத்து, அல்லது புள்ளி என்று ஒரே ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். "இப்ப அடிங்க அண்ணாச்சி."

வாழ்த்து வந்தது. கூட்டம் கைதட்டியது. உக்கிரபாண்டி ருசி கண்டுவிட்டார். 7 என்று எண்ணை அடித்துப் பார்த்தார், கமா போட்டுப் பார்த்தார். ஒன்றையும் திரை உள்ளே விடவில்லை.

"எங்கய்யா புள்ளிய மட்டுந்தேன் விடுது! தம்பி, வாசல் போர்டுல எழுதியிருக்கியே, அப்படியே ஒம் பேர அடி."

கிறிஸ்டோ நிமிர்ந்து உட்கார்ந்து பெயரை அடித்தார், பட்டத்தை அடித்தார், அடைப்புக்குறிக்குள் பாடத்தையும் அடித்தார்.

'இது பெயர் அல்ல.'

சால்வை நழுவி விழுமளவுக்குச் சிரித்தார் உக்கிரபாண்டி. "செல்போன்காரன வேற எடம் பாக்கச் சொல்லிர்றேன். நீங்க இங்கனயே இருங்க. ஆனா பெரிய வாத்தியாரு இந்தம்மாதேன்."

எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கிறிஸ்டோ மெல்லக் கேட்டார்: "செல்வி, அடைப்புக்குறியையும் சேத்துறலாமா?"

"அது எழுத்தில்லையேங்க," என்றாள் அவள்.