எண்ணெய் வாசனைக்கு வந்த ஹெலிகாப்டர்

ஆப்கான் போரில் காணாமல்போன சோவியத் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று, 1986 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு மருமகள் சைராகானின் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே, பாப்ளார் மர உயரத்தில் வந்து நின்றது. ஓட்டியவன் அவள் மகன் எசென்கூல். கூடவே வழிகாட்டும் ரஷ்யனும் இயந்திரம் பார்க்கும் உக்ரைன்காரனும் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் அந்தச் சட்டி ஒருமுறைகூட அடுப்பேறவில்லை. எங்கள் கிராமமான தாஷ்-கெச்சூவில் வியாழக்கிழமைதோறும் மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரிப்போம். அந்த வாசனைதான் செத்தவர்களுக்குச் சாப்பாடு. ராணுவத்திலிருந்து வந்த கடிதத்தில் "காணவில்லை" என்று மட்டும் இருந்ததால், சைராகான் சட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பொரித்தால் மகன் செத்ததாக ஒத்துக்கொண்டது போலாகும். வாசனையை இன்னாருக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பவும் வழியில்லை. ஆகவே குடும்பத்தின் மற்ற இறந்தவர்களும் இரண்டு வருடம் பட்டினி கிடந்தார்கள். எங்கள் ஆட்கள் என்பதால் அடுத்த வீட்டு வாசனைக்குப் போகவில்லை.

இதற்கிடையில் மாவட்ட ராணுவ அலுவலகத்து மேஜர், மூவரும் ஹெலிகாப்டரை எதிரிக்கு விற்றுவிட்டு ஓடியிருக்கலாம் என்று பேசினார். எசென்கூலின் தாத்தா மாம்பெத்காசிக்கு அப்போது எண்பத்தொரு வயது. பழைய போர்ப் பதக்கங்களை எல்லாம் குத்திக்கொண்டு அலுவலகம் போய், நின்றபடியே பேசினார்.

"எங்க வம்சத்துல கிழட்டுக் குதிரையக்கூட வித்தவன் கிடையாது, மேஜர். ஹெலிகாப்டர விப்பானா?"

"அப்போ எங்க இருக்கான்னு காட்டுங்க, பெரியவரே."

அடுத்த வாரம் போருக்குப் போனவன் என்று பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த எசென்கூலின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அன்றுதான் சைராகான் பூட்டைத் திறந்தாள்.

"வேணாம்மா," என்றார் மாம்பெத்காசி. அவர் யாரிடமாவது கெஞ்சியதாக அந்த ஒரு முறைதான் தகவல்.

"வந்தா செத்தவன், வராட்டி ஓடிப்போனவன். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும், மாமா."

முதல் ஈடு பொன்னிறமாகும் முன்பே தெற்கிலிருந்து சத்தம் கேட்டது. கூரைத் தகடுகள் பறந்தன, கோழிகள் பக்கத்துக் கிராமம் வரை போயின. சைராகான் அண்ணாந்து பார்த்தாள். கண்ணீர் எண்ணெயில் விழுந்து வெடித்துக் கையைச் சுட்டது. பிசைந்த மாவு தீரும்வரை பொரித்தாள். மற்ற இருவரின் ஊர்களில் இந்த வழக்கம் இல்லாததால், அவர்கள்தான் அதிகம் முகர்ந்தார்கள்.

"எசென்கூல்! ஊரான் வைக்கோலெல்லாம் ஆத்துல போகுதுடா! கொஞ்சம் மேல நிறுத்து!" என்று கத்தினார் தாத்தா. ஹெலிகாப்டர் உடனே இரண்டு முழம் உயர்ந்தது. வளர்ப்பு அப்படி.

மறு வியாழன் மேஜரை வரவழைத்தார்கள். ஹெலிகாப்டர் வந்த காற்றில் அவர் தொப்பி முதலிலேயே பறந்து போய்விட்டது. ஆவிகள் இல்லை என்பது கட்சியின் முடிவு, ஆனால் வாலில் இருந்த எண் கோப்போடு சரியாகப் பொருந்தியது. வெகுநேரம் யோசித்து, "குழுவினர் பணியின்போது இறந்தனர், பணி தொடர்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இப்ப சொல்லுங்க மேஜர், வித்தானா?"

"பெரியவரே, படத்த நாளைக்கே நானே மாட்டுறேன். முதல்ல என் தொப்பிய யாராவது எடுத்துக் குடுங்க."

படம் திரும்பவும் சுவருக்கு வந்தது, முன்பைவிட ஒரு சாண் உயரத்தில். பிறகு போர் முடிந்தது, சோவியத் நாடும் முடிந்தது. மேஜர் ஓய்வு பெற்றுத் தேனீ வளர்க்கப் போனார். மாம்பெத்காசி இறந்த அடுத்த வியாழனிலிருந்து ஹெலிகாப்டரில் நான்காவதாக ஒருவர், பதக்கங்களோடு, முதுகு வளையாமல் உட்கார்ந்து வருகிறார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஊரில் யாரும் துணி காயப்போடுவதில்லை. ஆரம்பத்தில் சைராகான் அண்ணாந்து, "இறங்கி வாடா" என்று கூப்பிடுவாள். இப்போது அதைக் கேட்பதில்லை. உக்ரைன்காரனுக்குப் பிடிக்குமென்று மாவில் கொஞ்சம் பூண்டு தட்டிப் போடுகிறாள்.